அவர் அளவுக்குத் தைத்த ரவிக்கை

மலாக்காவில் முதன்முதலாகத் தமிழ் மேடை ஏறிய பெண் நான்தான் என்கிறார்கள். மாலை போடுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், ஒலிவாங்கியைக் கையில் திணித்து "உங்கள் கலைப்பயணத்தைப் பற்றி..." என்று இழுக்கிறார்கள். ஏறியது உண்மை. ஆனால் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஊர் என்னை ஆண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அதைத் திருத்தவில்லை. மாலை போட்டவர்களிடம் போய் இதையெல்லாம் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்துவானேன் என்று இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன்.

அது ஜப்பான்காரன் காலம். காஜா பேராங்கில், மலாய் பேசும் பழைய தமிழ் வம்சத்தாரான சிட்டிகளின் கம்பத்தை, அதாவது அவர்கள் கிராமத்தை, ஒட்டிய ஒரு பலகை வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். அவருக்குப் பகலில் டவுனில் தையல் வேலை. நாடகம் இருந்தால் ஸ்திரீபார்ட். அந்த நாளில் ராணியானாலும் தோழியானாலும் ஆம்பளைதான் சேலை கட்ட வேண்டும். பெண் மேடையில் ஏறினால் அவள் குடும்பப் பெண் இல்லை, அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

எங்கள் சபாவில் திரும்பத் திரும்பப் போட்டது ஒரே கதை. அப்போதைய நாடகங்களில் ராணிகளுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாது. ராஜா நாட்டை இழந்து காட்டுக்குப் போவார், ராணி வாசலில் நின்று அழுவாள். என் வீட்டுக்காரர் அழுதால் ஊரே அழும். "பொம்பளகூட இப்படி இருக்க மாட்டா" என்று பெண்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஏனென்றால் அவர் மேடையில் காட்டியதெல்லாம் என்னிடமிருந்து எடுத்தது. நான் அடுப்படியில் முந்தானையை இழுத்துச் செருகுவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "இன்னொரு தரம் அந்தக் கொடத்தத் தூக்கு" என்பார். எனக்குக் கோபம் வந்தால் கை தானாக மூக்குத்திக்குப் போகும். அதையும் விடவில்லை. என் கோபத்தைக் கொண்டுபோய் ராணியின் நாணமாக்கிவிட்டார். ராணி தலையைக் குனிந்து மூக்குத்தியைத் தொட்டதும் கொட்டகை முழுக்க "ஆகா" என்னும். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, போன வாரம் என்ன சண்டைக்கு அப்படித் தொட்டேன் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அவர் ராணியின் வசனம் சொல்ல, எதிர்வசனம் நான் படிக்க வேண்டும். கிழங்கு உரித்துக்கொண்டே நான் ராஜா. அப்படித்தான் இரண்டு பேர் வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ராணிக்கு ஒரு ரவிக்கை இருந்தது. சிவப்பு வெல்வெட்டு, கைகளில் வெள்ளி ஜரிகை. அவரே வெட்டி அவரே தைத்தது. மார்புக்கு உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். அகலத் தோள் அவருக்கு. அதை மறைக்கத் தோளருகே ஏதேதோ மடிப்பு வைத்து, நான்கு முறை பிரித்து நான்கு முறை தைத்தார். யுத்தம் வந்தபின் அப்படி ஒரு துணியை மலாக்காவில் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

ஒரு நாள் காலை, புக்கிட் காதில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கல்யாணத் துணி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். முதல் நாள்தான் சண்டை போட்டிருந்தோம். எதற்கு என்பது இன்று எனக்கு நினைவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "போய்ட்டு வர்றேன்" என்று வாசலில் நின்று சொன்னார். நான் உள்ளேயிருந்து "ம்" என்றேன். எழுந்து வாசலுக்குக்கூட வரவில்லை.

சாயங்காலம் சைக்கிள் வந்தது, அவர் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. புக்கிட் காதிலிலிருந்து முழுத்தூரமும் நடந்தே வந்திருக்கிறாள். தோட்டத்துக்கு ஜப்பான்காரன் லாரி வந்ததாம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதம்தான் என்று சொல்லி, நின்ற ஆண்களையெல்லாம் ஏற்றினார்களாம். துணி கொடுக்கப் போனவரையும் சேர்த்து. அவள் வீட்டுக்காரரும் அதே லாரியில்.

"ஒங்க வீட்டுக்காரரு லாரியில இருந்து சத்தம் போட்டுச் சொன்னாரு தங்கச்சி" என்றாள். "ரவிக்கைய வெயில்ல போடணுமாம். பஞ்சுல பூஞ்சக்காளான் புடிச்சிடுமாம். மூணு மாசத்துல வந்ததும் ஆட்டம் இருக்காம்."

வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். லாரி கிளம்பிவிட்டது என்றாள். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கொடுக்க வேறொன்றும் வீட்டில் இல்லை. அவள் திரும்பி நடந்து போனபின் ரவிக்கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதம் போயிற்று. நாலாவது மாதமும் போயிற்று. ஒரு மத்தியானம் சபா வாத்தியார் வந்தார். நாடகம் சொல்லிக்கொடுத்து, ஆர்மோனியமும் வாசிக்கிறவர் அவர். ஜப்பான்காரனிடம் நாடகம் போட அனுமதி வாங்கிவிட்டதாகவும், ராணி வேஷத்துக்குப் பபூன் வேஷக்காரரையே போடப் போவதாகவும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த ரவிக்கைய மட்டும் குடும்மா. அவருக்குப் பத்தாது, பக்கத்துல பிரிச்சு ஒட்டுப்போட்டுக்குவோம்" என்றார்.

பபூன் வேஷக்காரர் நல்ல மனிதர். ஆனால் தொந்தியோடு மூன்று ஆள் அகலம். அவர் உடம்புக்குப் பிரித்து ஒட்டுப்போட்டால் பிறகு அது யாருடைய ரவிக்கை? என் வீட்டுக்காரர் வந்து எதைப் போட்டுக்கொள்வார்? ரவிக்கையோடு வேஷமும் போய்விடும், வேஷத்தோடு அவர் இடமும் போய்விடும் என்று எனக்குப் பட்டது. இடம் போய்விட்டால் அவர் எங்கே திரும்பி வருவார் என்று ஒரு பைத்தியக்கார யோசனை. வாய் முந்திக்கொண்டது.

"ரவிக்கைய குடுக்க முடியாதுங்க. நானே போட்டுக்கறேன்."

வாத்தியார் சிரிக்கவில்லை. என்னை ராணி வசனம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாட்டு? பாடினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து, "நடந்து காட்டு" என்றார். சமையற்கட்டிலிருந்து வாசல் வரை நடந்தேன்.

"நீ நடக்கறது பொம்பள மாதிரியே இல்லையேம்மா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தண்ணீர் தூக்கி, விறகு பொறுக்கி, கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த நடை அது. மேடைக்கு வேண்டிய பெண்ணின் நடை என் வீட்டுக்காரரிடம்தான் இருந்தது. அதனால் என்னைப் பார்த்து அவர் செய்ததை, அவரை நினைத்து நான் செய்யப் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று மூக்குத்தியைத் தொட்டபோது தெரிந்தது அவர் கை. அன்று ஒத்திகை போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ரவிக்கை எனக்கு ஆளை விழுங்கியது. கத்தரி வைக்க மனம் வரவில்லை. முதுகிலும் தோளிலும் துணியை மடித்துக் கையால் நீள நீளமாக நூல் ஓட்டிப் பிடித்தேன். ஆட்டம் முடிந்ததும் நூலை உருவிவிடுவேன், அது மறுபடி அவர் அளவுக்கு வந்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாக ஓட்டுவேன். அரிதாரத்துக்கு எதுவும் கிடைக்காத காலம். பக்கத்து வீட்டுச் சிட்டி அக்காதான் கைகொடுத்தாள். நெற்றியில் விபூதி துலங்கும், வீட்டில் பொங்கல் வைப்பாள், ஆனால் தமிழ் பேச வராது, எல்லாம் மலாய்தான். அரிசி ஊறவைத்து அரைத்துச் சொட்டுச் சொட்டாகக் காயவைத்த முகமாவு ஒரு ஜாடியில் வைத்திருந்தாள், பெடா செஜு என்பார்கள். மகள் கல்யாணத்துக்கு என்று அரிசி கிடைத்த காலத்தில் செய்தது. "பாக்கே லா", போட்டுக்கொள் என்று ஜாடியோடு நீட்டினாள். ஆண்கள் யாரும் எனக்கு ஒப்பனை போட முடியாது என்பதால், ஆட்டத்தன்று சேலை கட்டிவிடவும் அவளே வந்தாள்.

அரிசி வரத்து நின்று காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் நாடகம். மண்ணெண்ணெய் கிடையாது, இருட்டினால் விளக்கு ஏற்றவும் விட மாட்டார்கள். அதனால் கதவுகளை அகலத் திறந்துவைத்துப் பட்டப்பகலில், மத்தியானம் இரண்டு மணிக்கு ராணி அழ வேண்டும். அனுமதித் தாளில் நடிகர் பட்டியலில் இருந்தது என் வீட்டுக்காரர் பெயர். புதிதாக ஒரு பெயர் சேர்க்க மறுபடி ஜப்பான்காரன் வாசலில் போய் நிற்க வாத்தியாருக்குத் தைரியமில்லை. பெண் என்று தெரிந்தால் ஊரும் சும்மா விடாது. எனவே வாத்தியார் யார் பெயரையும் அறிவிக்காமல் திரையைத் தூக்கச் சொல்லிவிட்டார்.

நான் தலையைக் குனிந்து மூக்குத்தியைத் தொட்டேன். கிடங்கு முழுக்க "ஆகா" என்றது. பின்வரிசையில் யாரோ, "அடே, அவரு வந்துட்டாருடா" என்றது மேடைக்கே கேட்டது.

மறுநாள் வழியில் பார்த்தவர்கள் கேட்டார்கள். "வீட்டுக்காரரு வந்துட்டாராமே?" நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே கடந்து போனேன். வாத்தியார் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார், அது ஒரு சாக்கு. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. யாராவது இன்னொரு தரம் கேட்க மாட்டார்களா என்று வேண்டுமென்றே சுற்றுவழியில் நடந்தேன். நாலு பேர் வந்துவிட்டார் என்றால் ஒருவேளை வந்துவிட்டார்தானோ என்று, கதவைத் திறக்கும்போது ஒரு நொடி உள்ளே எட்டிப் பார்ப்பேன். அப்படி ஆசை கண்ணை மறைத்திருந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் அதே "ஆகா". அதே கேள்வி. அதே சிரிப்பு.

மூன்றாவது ஆட்டத்தில், ராணி வாசலில் நிற்கும் காட்சி. பாட்டு எடுக்கப் போகிறேன், திறந்திருந்த கதவு வழியாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். வெயிலில் நடந்து வந்த முகங்கள். இடுப்பில் பிள்ளைகள். முன்னால் வந்தவளைப் பார்த்ததும் எனக்குப் பாட்டு மறந்துபோயிற்று. சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த அதே அக்கா. கையில் வாழை இலை மூடிய சட்டி ஒன்று. அவள் உட்காரவில்லை. மேடைக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, போன ஆட்டத்துக்கே வந்திருந்தேன். நீங்கதான்னு மூக்குத்திக்குப் போன கையப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு" என்றாள். "லாரி திரும்பிடுச்சுன்னு தோட்டத்துல சொன்னேன். எல்லாரும் வந்திருக்கோம். எங்க வீட்டு ஆளுங்க எங்கய்யா? இன்னும் வரலியே."

பின்னால் நின்ற ஒரு பெண், "கெழங்கு அவிச்சுக் கொண்டாந்திருக்கோம். பசியோட வருவாங்கன்னு" என்றாள்.

திரை மறைவிலிருந்து வாத்தியார் ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்துக்கொண்டு, "பாடு, பாடு" என்று பல்லைக் கடித்தார். பாடியிருக்கலாம். பாட்டு முடிவதற்குள் யாராவது அவர்களை உட்காரவைத்திருப்பார்கள், பிறகு வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வையில் அவர் உயிரோடு, முழுசாக, மலாக்காவில் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் அவர் மறுபடி சயாமுக்குப் போய்விடுவார். அன்றைக்கு லாரியில் ஏற்றியது ஜப்பான்காரன். இன்றைக்கு நான்தான் ஏற்ற வேண்டும்.

தலையில் வைத்திருந்த அவருடைய ராணி டோப்பாவைக் கழற்றினேன். உள்ளே முடிந்திருந்த என் கூந்தல் சரிந்து முதுகில் விழுந்தது. முகமாவை முந்தானையால் துடைத்தேன்.

"அக்கா, நான் அவர் இல்ல. அவர் சம்சாரம். நீங்க சைக்கிள் கொண்டாந்து குடுத்தீங்களே, அந்த வீட்டு ஆளு" என்றேன். "அவர் இன்னும் வரல."

 காவலுக்கு வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. இதுவும் நாடகம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, டோப்பாவைக் கழற்றியதும் தனியாகக் கைதட்டினான்.

அந்த அக்கா அழவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள். "நீ மொதல் ஆட்டத்துலயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றாள். "இந்தப் புள்ளைங்கள இவ்ளோ தூரம் நடக்க வச்சிருக்க மாட்டேனே."

  எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அந்த வாரமே என் வாசலில் சாணி கரைத்து ஊற்றினார்கள், தாலி கட்டியவன் இல்லாத நேரம் பார்த்துக் கூத்தாடப் போனவள் என்றார்கள். அதற்கெல்லாம் மூக்குத்தியைத் தொடவேண்டிய அவசியம்கூட எனக்கு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தலைகுனிந்தேன்.

அவர்கள் திரும்பிப் போகவில்லை. வெயில் தாழட்டும் என்று தரையில் உட்கார்ந்தார்கள். சட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குக் கிழங்கு கொடுத்தார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் டோப்பாவைத் திரும்ப வைத்துக்கொள்ளவில்லை. மிச்ச ஆட்டத்தை என் கூந்தலோடு, என் நடையிலேயே நடந்து முடித்தேன். ராணி அழ வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, வசனத்தை விட்டுவிட்டுச் சும்மா வாசலைப் பார்த்து நின்றேன். கீழே அந்தப் பெண்களும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வேஷத்தைப் பெண்ணே கட்டுவது என்று எங்கள் சபாவில் வழக்கமானது அன்றிலிருந்துதான். அனுமதித் தாளை நினைத்து வாத்தியார் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் நடுங்கினார். ஒருவரும் வரவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு என் பெயரைச் சொல்லித் திரையைத் தூக்கினார்.

ஜப்பான்காரன் போனபின் ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். மலாக்காவுக்கு ரயில் இல்லை. தம்பினிலிருந்து இங்கே வந்த தண்டவாளத்தையும் பிடுங்கி அவன் சயாமுக்கே கொண்டுபோயிருந்தான். நானும் அந்த அக்காவும் தம்பினுக்குப் போய் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து நிற்போம், பிறகு உட்காருவோம். அவள் என்னிடம் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. தன் வெற்றிலையில் பாதியைக் கிள்ளிக் கொடுப்பாள்.

ஆறாவதோ ஏழாவதோ தடவை அவள் வீட்டுக்காரர் இறங்கினார். எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு. அக்கா அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் கொஞ்ச நேரம் விலகி நின்றேன். சந்தோஷப்பட முயன்றேன். பொறாமைதான் வந்தது. பிறகு அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரரு எங்க கூடாரத்துலதாம்மா இருந்தாரு. வேல முடிஞ்சு வந்தா துண்ட முந்தானையாப் போட்டுக்கிட்டு ராணி மாதிரி நடந்து காட்டுவாரு. தலையக் குனிஞ்சு மூக்கத் தொடுவாரு. சாகக் கெடக்கறவன்கூட சிரிப்பான். இது என் சம்சாரத்துக்குக் கோவம் வந்தா செய்யறதுன்னு சொல்லுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்கம்மா. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

நான் இங்கே கண்ணாடி முன்னால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர் அங்கே மூங்கில் கூடாரத்தில் என்னைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. பொட்டை அழிக்கச் சொல்லி வந்தவர்களிடம், பார்த்த சாட்சி ஒருவனைக் கூட்டிவாருங்கள், அழித்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் கூட்டிவரவில்லை.

அதன் பிறகு முப்பது வருஷம் மேடைதான். சபாவோடு சிரம்பான், ஈப்போ, சிங்கப்பூர் என்று சுற்றினேன், பிறகு சொந்தமாகவே ஒரு சபா வைத்தேன். வீட்டுக்குத் தெரியாமல் வந்த பெண்களை நானே போய் அவர்கள் அப்பாவிடம் சண்டை போட்டு மேடை ஏற்றினேன். புது ராணிகளுக்குப் புதுப்புது ரவிக்கைகள் வந்தன. நான் அந்தச் சிவப்பு ரவிக்கையைத் தவிர வேறொன்றும் போட்டதில்லை. மிஷினில் ஒரு தையல் போட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் கையால் நூல் ஓட்டினேன், முடிந்ததும் உருவினேன், காலையில் வெயிலில் போட்டேன்.

போன மாதம் ஒரு கண்காட்சிக்கு அதைக் கேட்டு வந்தார்கள். முதல் நடிகையின் ரவிக்கை என்று எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். கடைசி ஆட்டத்தில் ஓட்டிய நூல் அப்படியே இருந்தது. ஆட்டத்தை நிறுத்தியபின் அதை உருவ எனக்குக் கை வரவில்லை. அன்று உருவிவிட்டுக் கொடுத்தேன். திறப்பு விழாவுக்கு முன்னால் என்னை அழைத்துப்போய்க் காட்டினார்கள். மெலிந்த பெண் பொம்மை ஒன்றுக்குப் போட்டிருந்தார்கள். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு ஒரே சங்கடம்.

"அம்மா, ரொம்பப் பெருசா இருக்கு. பின்னாடி ஊசி குத்திப் புடிச்சிடட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா" என்றேன். "அளவு சரியாத்தான் இருக்கு. போடறவர் இன்னும் வரல."